‘அவருடைய அம்மா’வை பிரெஞ்சில் எழுதுவது எப்படி?

கேள்வி: நான் காரைக்காலில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி, பிரான்ஸைச் சேர்ந்த ரீயூனியன் தீவுக்கு, சேன் தாந்த்ரே ஊருக்கு வந்திருக்கிறேன். கணவர் குடும்பம் பல தலைமுறைக்கு முன்னால் இங்கே வந்த தமிழ்க் குடும்பம். வீட்டில் யாருக்கும் தமிழ் வராது, பிரெஞ்சில் இருந்து பிறந்த இந்தத் தீவு மொழியான கிரியோல்தான். நான் ஆரம்ப நிலை பிரெஞ்சு வகுப்புக்குப் போகிறேன். ‘என் குடும்பம்’ என்று பத்து வரி எழுதச் சொன்னார்கள். ‘அவருடைய அம்மா’ என்பதற்கு ‘லேர் மேர்’ என்று எழுதினேன், அடித்துவிட்டார்கள். கணவர் ஆண்தானே என்று ‘ஸோன் மேர்’ ஆக்கினேன், அதுவும் தப்பு, ‘ஸா மேர்’ என்கிறார்கள். சரி, பெண்பாலுக்கு ‘மா’, ‘ஸா’ போலிருக்கிறது என்று ‘என் பள்ளிக்கூடம்’ என்பதற்கு ‘மா எகோல்’ எழுதினால் அதை ‘மோன் எகோல்’ என்று திருத்தியிருக்கிறார்கள். ‘இந்த’ என்ற ஒரே வார்த்தைக்கு நாலு வடிவம், ‘வெள்ளை’க்கு ரெண்டு, ஒரு அடைமொழி பெயருக்கு முன்னால், இன்னொன்று பின்னால். ‘என் அம்மா’வுக்கு வகுப்பில் ‘மா மேர்’ சொல்லித் தருகிறார்கள், வீட்டில் மாமியார் ‘மோன் மோமோன்’ என்கிறார். கிரியோல் பேசுவதை நிறுத்தினால்தான் பிரெஞ்சு வருமா?

பதில்: வணக்கம் தங்கச்சி. உங்கள் பத்தியில் அடிபட்ட மூன்று இடத்துக்கும் மூன்று வேறு காரணம் இருக்கிறது, மூன்றையும் ஒரே விதியால் சரிசெய்யப் பார்த்ததால்தான் ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று கெடுகிறது. முதலில் உச்சரிப்பு பற்றி ஒரு வார்த்தை: நான் ‘மோன்’, ‘ஸோன்’ என்று எழுதும்போது கடைசி ‘ன்’னுக்கு நாக்கு மேலே தொடக்கூடாது, காற்றை மூக்கில் விட்டால் போதும். ‘ஸு’ என்று எழுதும் இடத்தில் ‘அது’ என்பதன் கடைசி உகரம் போல, உதட்டைக் குவிக்காமல் சொல்லுங்கள்.

‘லேர் மேர்’ தப்பை எடுத்துக்கொள்வோம். இது தமிழர்கள் அடிக்கடி செய்கிற தப்பு, என் வகுப்பில் வருஷா வருஷம் பார்க்கிறேன். ‘லேர்’ என்றால் பலருடைய. கணவரை நாம் ‘அவர்’ என்கிறோம், மாமியாரை ‘அவங்க’ என்கிறோம், இரண்டும் வடிவத்தில் பன்மை, மரியாதைக்காக ஒருவருக்குப் போட்ட பன்மை. அந்த மரியாதையை அப்படியே பிரெஞ்சுக்குத் தூக்கிக்கொண்டு போனால் உங்கள் கணவர் இரண்டு மூன்று பேராகிவிடுகிறார். பிரெஞ்சில் மரியாதைப் பன்மை எதிரில் நிற்பவருக்கு மட்டும்தான்: ‘வூ’, ‘வோத்ர்’. மேயர் அலுவலகத்தில் இருப்பவரிடம் ‘வோத்ர் பியூரோ’, உங்கள் அலுவலகம், என்று சொல்வீர்கள். ஆனால் அங்கே இல்லாத ஒருவரைப் பற்றிப் பேசும்போது அவர் ஜனாதிபதியாக இருந்தாலும் ‘இல்’ (அவன்), ‘ஸோன்’, ‘ஸா’ (அவனுடைய) தான். அதில் அவமரியாதை எதுவும் இல்லை. மாமனாரைப் பற்றி ‘ஸோன்’ போட்டு எழுத உங்களுக்குக் கை கூசலாம், சில மாதத்தில் பழகிவிடும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு தப்பும் சீக்கிரம் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் ‘எங்க அம்மா’, ‘எங்க வீட்டுக்காரர்’ என்றுதான் சொல்வோம், ‘என் அம்மா’ என்பது பேச்சில் குறைவு. அதை ‘நோத்ர் மேர்’ என்று எழுதினால் படிப்பவர் நீங்கள் உங்கள் உடன்பிறந்தவர்களையும் சேர்த்துக்கொண்டு பேசுகிறீர்கள் என்று நினைப்பார். ‘நோத்ர் மரி’ என்று எழுதினால் என்ன நினைப்பார் என்று சொல்லத் தேவையில்லை. ஒருவர் பேசினால் ‘மா மேர்’, ‘மோன் மரி’.

அடுத்தது ‘ஸோன் மேர்’. நீங்கள் ஆண்பால் பார்த்தது சரி, பார்த்த ஆள் தப்பு. ‘அவனுடைய’, ‘அவளுடைய’ என்று தமிழில் உடைமைச் சொல் உடைமைக்காரர் யார் என்று சொல்லும், உடைமை என்ன என்று கண்டுகொள்ளாது. பிரெஞ்சில் தலைகீழ். ‘ஸோன்’, ‘ஸா’, ‘ஸே’ மூன்றும் யாருடையது என்பதில் ஆணா பெண்ணா என்று ஒன்றுமே சொல்வதில்லை, அவற்றின் கண் முழுக்க வலது பக்கம் வருகிற பெயர்ச்சொல் மேல்தான். ‘மேர்’, அம்மா, பெண்பால், அதனால் ‘ஸா மேர்’. அது உங்கள் கணவருடைய அம்மாவாக இருந்தாலும் சரி, உங்கள் நாத்தனாருடைய அம்மாவாக இருந்தாலும் சரி. ‘பேர்’, அப்பா, ஆண்பால், அதனால் ‘ஸோன் பேர்’, அவனுடைய அப்பாவும் அதுதான், அவளுடைய அப்பாவும் அதுதான். பிள்ளைகள் பன்மை, ‘ஸேஸ் ஆன்ஃபான்’. யாருடையது என்பது முந்தின வாக்கியத்தில் இருந்து தெரியும். தெரியாமல் குழம்புகிற இடத்தில் பிரெஞ்சுக்காரர்களே பின்னால் ‘ஆ லுயி’ (அவனுடைய), ‘ஆ எல்’ (அவளுடைய) என்று சேர்த்துக்கொள்கிறார்கள், உங்கள் நிலையில் அது தேவைப்படாது.

பால் பார்த்து வார்த்தையை மாற்றுவது நமக்குப் புதிது என்று மட்டும் நினைக்காதீர்கள். வந்தான், வந்தாள், வந்தது என்று நாம் ஒவ்வொரு வாக்கியத்திலும் செய்கிற வேலை அது, வினைமுற்றில் செய்கிறோம். பிரெஞ்சில் ‘பாடுகிறான்’, ‘பாடுகிறாள்’ இரண்டுக்கும் ‘ஷான்த்’ ஒன்றுதான், பால் காட்டும் வேலையை அங்கே அடைமொழி எடுத்துக்கொண்டிருக்கிறது. ‘நல்ல பையன், நல்ல பெண், நல்ல வீடுகள்’ என்று நமக்கு மாறாமல் கிடக்கிற ‘நல்ல’ அங்கே ‘போன்’, ‘போன்ன்’ என்று மாறுகிறது, பன்மையில் எழுத்தில் ஒரு ‘எஸ்’ சேர்கிறது. உயிரில்லாத பொருளுக்கும் ஆண்பால் பெண்பால் உண்டு என்பது ஒன்றுதான் நிஜமாகவே கஷ்டம். நமக்கு அஃறிணை என்று ஒரு பெட்டி இருக்கிறது, அவர்களுக்கு இல்லை. ‘மேசை’ பெண்பால் என்பதற்குக் காரணம் தேடாதீர்கள், கிடைக்காது.

சரி, ‘மோன் எகோல்’. பள்ளிக்கூடம் பெண்பால்தான், ‘உய்ன் எகோல்’, ஒரு பள்ளிக்கூடம். ஆனால் ‘மா’ என்பதும் ‘எகோல்’ என்பதும் அடுத்தடுத்து வந்தால் இரண்டு உயிர் ஒலி முட்டிக்கொள்கிறது. தமிழில் இந்த முட்டலை நாம் எப்போதும் விட்டதில்லை, மணி அடித்தது ‘மணியடித்தது’ ஆகும், நடுவில் ஒரு யகரம் வந்து உட்காரும். உடம்படுமெய் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். பிரெஞ்சில் அந்த வேலைக்கு ‘மோன்’னைக் கூப்பிடுகிறார்கள், ஏனென்றால் அதன் கடைசியில் ஒரு ‘ன்’ இருக்கிறது. மூக்கில் கரைந்துபோகிற அந்த ‘ன்’ இங்கே மட்டும் முழுசாகக் கேட்கும்: ‘மோ-னெகோல்’. பள்ளிக்கூடம் ஆண்பாலாக மாறிவிடவில்லை, பெரிய பள்ளிக்கூடம் என்றால் நடுவில் வேறு சொல் வந்து முட்டலைத் தடுத்துவிடுவதால் பழையபடி ‘மா க்ராந்த் எகோல்’. தோழிக்கும் அதேதான், ‘மோ-னமி’, ஆனால் ‘மா மெய்யேர் அமி’, என் நெருங்கிய தோழி.

‘இந்த’வின் நாலு வடிவமும் இதே சரக்குதான். ஆண்பால் ‘ஸு’, பெண்பால் ‘ஸெத்’, பன்மை ‘ஸே’. நாலாவது எதற்கு என்றால், ஆண்பால் சொல் உயிர் ஒலியில் தொடங்கினால் ‘ஸு ஆர்ப்ர்’ என்று முட்டும், அதனால் ‘ஸெ-தார்ப்ர்’, இந்த மரம். காதுக்கு அதுவும் பெண்பால் ‘ஸெத்’தும் ஒன்றேதான், எழுத்தில்தான் வித்தியாசம். நாமும் எழுத்துத் தமிழில் இவ்வூர், இம்மரம், இந்நாள், இக்கடை என்று பக்கத்துச் சொல்லின் முதல் ஒலியைப் பார்த்து சுட்டை மாற்றுகிறவர்கள்தான். இந்த, அந்த என்ற தூர வித்தியாசம் மட்டும் அவர்களுக்கு அவசியம் இல்லை. ‘ஸெத் மேஸோன்’ இந்த வீடாகவும் இருக்கலாம், அந்த வீடாகவும் இருக்கலாம். பிரித்துச் சொல்ல வேண்டுமானால் பெயருக்குப் பின்னால் ‘ஸி’ அல்லது ‘லா’ ஒட்டுவார்கள், பேச்சில் ‘லா’தான் அதிகம்.

உயிர் ஒலி என்று வரும்போது ‘ஹெச்’ எழுத்தும் சேர்த்தி, அதற்கு ஓசை கிடையாது: ‘ஸெ-தோம்’, இந்த மனிதன், ‘ஸெ-தொபித்தால்’, இந்த ஆஸ்பத்திரி. சில ‘ஹெச்’ சொற்கள் மட்டும், ஓசை இல்லாவிட்டாலும், ஒட்ட விடாது. அதற்கு உங்கள் தீவிலேயே தினம் கேட்கிற உதாரணம் இருக்கிறது: மலைப்பக்கத்து ஊர்களை எல்லோரும் ‘லே ஓ’ என்கிறார்கள், யாரும் ‘லேஸோ’ என்பதில்லை.

இப்போது உங்கள் பாடப்புத்தகத்தை மூடிவிட்டு ஊர்ப் பலகைகளைப் பாருங்கள், உண்மையாகவே சொல்கிறேன், ரீயூனியனில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சிப் புத்தகம் கிடையாது. தலைநகர் சேன் தெனியில் இருந்து உங்கள் ஊர்ப் பக்கம் பஸ்ஸில் வாருங்கள். ‘சேன்’ என்பது புனிதர் என்கிற அடை. சேன் தெனி ஆண் புனிதர், எழுத்தில் கடைசியில் ‘டி’ இருந்தும் அது கேட்காது. அடுத்து விமான நிலையம் இருக்கிற சேன்த் மரி, பெண் புனிதர், எழுத்தில் ஒரு ‘ஈ’ சேர்ந்திருக்கிறது, அதனால் தூங்கிக்கொண்டிருந்த ‘த்’ எழுந்துவிட்டது. அதற்கடுத்து சேன்த் சுசான், அதுவும் அப்படியே. அப்புறம் உங்கள் ஊர். ஆந்த்ரே ஆண் பெயர், பலகையில் ‘ஈ’ கிடையாது, சேன் தெனி மாதிரி எழுதியிருக்கிறது, ஆனால் ஆந்த்ரே உயிர் ஒலியில் தொடங்குவதால் ‘த்’ கேட்கிறது, சேன்-தாந்த்ரே. தாண்டிப் போனால் சேன் பெனுவா, மறுபடி ‘த்’ இல்லை, அதையும் தாண்டினால் சேன்த் ரோஸ். உங்களை அழவைத்த ‘ஸு, ஸெத், ஸெத்’ விவகாரம் முழுக்க இந்த ஒரு ரோட்டில் கிடக்கிறது. நீங்கள் கடிதத்தில் ஊர் பெயரைச் சரியாகச் சொல்லியிருக்கிறீர்கள், அப்படியானால் விதி உங்கள் வாயில் ஏற்கனவே இருக்கிறது.

முன்னாலா பின்னாலா என்பதற்கும் பலகைகளே போதும். தெற்கே ப்தித் தீல் என்று ஒரு ஊர், சின்னத் தீவு. அங்கே இருக்கும் கடற்கரை க்ராந்த் ஆன்ஸ், பெரிய விரிகுடா. சேன் தெனியில் பெரிய மார்க்கெட் க்ரான் மார்ஷே, சின்னது ப்தி மார்ஷே. அளவு சொல்லும் அடை முன்னால் வருகிறது. உங்கள் ஊரிலேயே சர்க்கரை ஆலை இருக்கும் இடம் புவா ரூழ், சிவப்பு மரம், ஊர் ஊராக ஓடும் பஸ் கார் ழோன், மஞ்சள் பஸ். நிறம் பின்னால் வருகிறது. (நான் ‘ழ’ போட்டிருக்கும் இடத்தில் நம் தமிழ் ழகரம் வேண்டாம், பல்லோடு சேர்த்து மென்மையாக உரசும் ஒலி.) அளவு, அழகு, வயசு, நல்லது கெட்டது என்கிற நாலு வகையில் தினம் புழங்குகிற சின்னச் சின்ன சொற்கள் முன்னால், நிறம், வடிவம், நாடு, மதம், இனம் எல்லாம் பின்னால். ஆரம்ப நிலைக்கு இவ்வளவு போதும். சில சொற்கள் இடம் மாறினால் பொருள் மாறும், ‘மா ப்ரோப்ர் ஷாம்ப்ர்’ என்றால் எனக்கே எனக்கான அறை, ‘மா ஷாம்ப்ர் ப்ரோப்ர்’ என்றால் சுத்தமான என் அறை. அதையெல்லாம் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

ஏப்ரலில் சித்திரைப் பிறப்புக்கு நோட்டீஸ் ஒட்டுவார்கள், அதில் மூன்று சொல்லைப் படித்துப் பாருங்கள்: நூவெல் ஆன் தமூல், தமிழ்ப் புத்தாண்டு. ‘புதிய’ முன்னால், ‘தமிழ்’ பின்னால். ஆண்டு ஆண்பால் என்றால் ‘நூவோ’ என்றல்லவா வர வேண்டும் என்று கேட்பீர்கள், ‘ஆன்’ உயிர் ஒலியில் தொடங்குவதால் ‘நூவெல்’. அழகுக்கும் வயசுக்கும் இதே மூன்று வடிவக் கதைதான்: ‘போ’, ‘பெல்’, ‘பெல்’, அப்புறம் ‘வியே’, ‘வியெய்’, ‘வியெய்’. நடுவில் இருப்பது உயிர் ஒலிக்கு முன்னால் வருகிற ஆண்பால், கேட்பதற்குப் பெண்பால் போலவே இருக்கும், எழுத்துதான் வேறு.

‘வெள்ளை’க்கு ரெண்டு வடிவம் என்று சலித்துக்கொண்டீர்கள். ப்ளான், ப்ளான்ஷ். பச்சை வேர், வேர்த். இவை காதுக்கே மாறுவதால் நல்லது, தப்பு செய்தால் உடனே தெரியும். கறுப்பு, ‘நுவார்’, எழுத்தில் மட்டும் மாறும். சிவப்பு, மஞ்சள் ஏற்கனவே ‘ஈ’யில் முடிவதால் பால் பார்த்து மாறாது. ஆரஞ்சு, மரோன் (பழுப்பு) இரண்டும் பழத்தின் பெயரை நிறத்துக்கு எடுத்துக்கொண்டவை என்பதால் பாலுக்கும் மாறாது, பன்மைக்கும் மாறாது.

எப்படிப் படிப்பது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள். எந்தப் பெயர்ச்சொல்லையும் தனியாகக் கற்காதீர்கள், ‘ஒரு’ என்று பொருள் தரும் ‘அன்’ (ஆண்பால்) அல்லது ‘உய்ன்’ (பெண்பால்) சேர்த்து, பின்னாலோ முன்னாலோ ஒரு அடையும் சேர்த்து, ஒரே மூச்சில் கற்றுக்கொள்ளுங்கள். கடைக்குப் போகும்போது மாங்காய் கண்ணில் பட்டால் ‘உய்ன் மாங்க் வேர்த், ஸெத் மாங்க் வேர்த், மா மாங்க் வேர்த்’. பச்சை மிளகாய் என்றால் ‘அன் பிமான் வேர், ஸு பிமான் வேர், மோன் பிமான் வேர்’. அன்னாசி ஆண்பால், உயிர் ஒலி, ‘அன்-னனனா, ஸெ-தனனா, மோ-னனனா’. இப்படி வாய்விட்டுச் சொல்லிப் பழகியவர்களுக்குப் பரீட்சையில் பால் யோசிக்க நேரம் செலவாவதில்லை, வாயே சொல்லிவிடும். எழுதி மட்டும் படித்தவர்கள் பேசும்போது ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் நின்று விழிப்பதை நான் நிறையப் பார்த்துவிட்டேன். நாளுக்கு ஏழெட்டுப் பொருள் போதும். காலம் சொல்லும் தொடர்களையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள், டாக்டருக்கு போன் செய்யும்போது உதவும்: ‘ஸு மத்தேன்’ இன்று காலை, ‘ஸெ-தப்ரே மிதி’ இன்று மத்தியானம், ‘ஸு ஸுவார்’ இன்று சாயங்காலம், ‘ஸெத் ஸுமேன்’ இந்த வாரம்.

டாக்டர் என்றதும் ஒன்று. உடம்பு வலி சொல்லும்போது ‘என்’ போடாதீர்கள். ‘ழே மால் ஆ லா தெத்’ என்றால் எனக்குத் தலை வலிக்கிறது. தமிழிலும் ‘எனக்குத் தலை வலிக்குது’ என்றுதான் சொல்கிறோம், அதனால் இது உங்களுக்குத் தானாகவே வரும்.

‘ஸே’ என்று கேட்டால் அது ‘இந்த’வா ‘அவருடைய’வா என்ற குழப்பம் சொல்வதெழுதலில் வரும், இரண்டும் ஒரே ஒலி, எழுத்து வேறு. அந்த இடத்தில் ‘மே’, என்னுடைய, போட்டுப் பாருங்கள், சொல்ல வந்த பொருளுக்குப் பொருந்தினால் உடைமைச் சொல்லாக எழுதுங்கள், பொருந்தாவிட்டால் சுட்டு.

கடைசியாக கிரியோல். நிறுத்தாதீர்கள், தயவுசெய்து. உங்கள் மாமியார் ‘மோன் மோமோன்’ என்பது உடைந்த பிரெஞ்சு இல்லை, அந்த மொழியில் உடைமைச் சொல் பால் பார்ப்பதில்லை, அது அதன் இலக்கணம். ‘மோன் காஸ்’, ‘நூத் காஸ்’, என் வீடு, எங்கள் வீடு, எல்லாம் அங்கே முழுக்கச் சரி. 1848ல் அடிமைமுறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம் கரையில் இருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் தமிழை இழந்து, இந்த மொழியில்தான் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள், சாமி கும்பிட்டிருக்கிறார்கள். இன்று பள்ளியில் அதைக் கற்பிக்கவும் ஆசிரியர் தேர்வு இருக்கிறது. உங்களை அந்த வீட்டோடு சேர்க்கிற மொழி அது. வகுப்பு நோட்டில் மட்டும் ஒரு பக்கத்தை இரண்டாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள், மாமியார் சொன்னது இடது பக்கம், அதன் பிரெஞ்சு வலது பக்கம்: ‘மோன் மோமோன்’, ‘மா மேர்’. ‘மோன் காஸ்’, ‘மா மேஸோன்’. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் குழம்பாது, கலந்து வைத்தால்தான் குழம்பும். உங்கள் கணவரிடம் வலது பக்கத்தைக் காட்டிச் சரிபார்க்கச் சொல்லலாம், பள்ளிக்கூடம் முழுக்க பிரெஞ்சில் படித்தவர்தானே.

இனி உங்கள் பத்தி. கீழே இருப்பதை ஒரு முறை வாய்விட்டுப் படித்துவிட்டு, ஒவ்வொரு அடையும் எந்தப் பெயரைப் பார்க்கிறது என்று அம்புக்குறி போடுங்கள்: ‘மோன் மரி ஏ க்ரான். ஸா மேர் ஏ ழான்தீய். நோத்ர் மேஸோன் ஏ ப்தித். ஸெ-தார்ப்ர் ஏ போ. நூ-ஸாவோன் உய்ன் வுவாத்யூர் ப்ளான்ஷ். மோ-னெகோல் ஏ நூவெல்.’ என் கணவர் உயரமானவர், அவருடைய அம்மா அன்பானவர், எங்கள் வீடு சின்னது, இந்த மரம் அழகானது, எங்களிடம் ஒரு வெள்ளைக் கார் இருக்கிறது, என் பள்ளிக்கூடம் புதியது. கடைசி வாக்கியத்தில் ‘மோன்’ இருந்தும் ‘நூவெல்’ பெண்பாலாகவே நிற்பதைக் கவனியுங்கள். இதே பத்தியைக் கணவருக்குப் பதிலாக நாத்தனாரைப் பற்றி மாற்றி எழுதுங்கள், ‘ஸா மேர்’ அப்படியே இருக்கும், முதல் வாக்கியத்தில் ‘மோன்’ ‘மா’ ஆகும், ‘க்ரான்’ ‘க்ராந்த்’ ஆகும். எழுதி அனுப்பினால் திருத்தித் தருகிறேன்.